தினமும் ஓடும் பழைய ஐகானைத் தாழ்த்துவதென்றால்: முதலில் ஷாக், அப்புறம்தான் ஸ்பிரிங்

உங்கள் கேள்வி இது: வண்டி 2004 மாடல் ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல். தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு தினமும் வேலைக்குப் போகிறீர்கள், அவ்வப்போது குடும்பத்தோடு மதுரைக்கும் போய்வருகிறீர்கள். 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஷாக்கை, அதாவது ஷாக் அப்சார்பரைத் தொடாமல் அதை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது நண்பர் சொல்வதுபோல, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். முதலில் நான்கு ஷாக்கையும், முன்பக்க டாப் மவுண்டையும் (ஷாக்கின் தலையைக் காரோடு பிணைக்கும் தாங்கி), தேய்ந்துபோன புஷ்களையும் (மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) மாற்றுங்கள். பழைய ஸ்பிரிங்கோடே சில வாரம் ஓட்டுங்கள். அப்புறமும் தாழ்த்த வேண்டும் என்று தோன்றினால் 20 மி.மீ., மிஞ்சிப்போனால் 25. உங்கள் சாலைக்கும் உங்கள் பயன்பாட்டுக்கும் அதுதான் எல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காரணம் புரிந்துவிட்டால் கடைக்காரர் எதைக் காட்டினாலும் நீங்களே எடைபோட்டுவிடுவீர்கள்.

கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏறுவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடம் தீர்ந்தால் பம்ப் ஸ்டாப், அதாவது கடைசி அடியை வாங்கும் மெத்தை. அதையும் தாண்டினால் இரும்பும் இரும்பும். தாழ்த்தும்போது நீங்கள் செலவழிப்பது இந்த இடத்தைத்தான். கணக்குக்காக 80 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளத்தின் உதையை ஸ்பிரிங் உள்வாங்கும் திறன், அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 40. தூரம் பாதியானதால் திறன் கால்வாசி ஆகிவிடுகிறது. பழையபடி அதே பள்ளத்தைத் தாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும், அதாவது மில்லிமீட்டருக்கு 8 கிலோ. அப்படி ஒரு ஸ்பிரிங்கை தினசரி ஓட்டும் காருக்கு யாரும் விற்பதில்லை. விற்பதெல்லாம் ஒரிஜினலைவிட 20, 30 சதவீதம் கடினமானவை. 30 சதவீதம் கூடிய ஸ்பிரிங்கோடு 40 மி.மீ. இறக்கினால், முன்பு தாங்கியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஸ்பிரிங் தாங்கும். மீதி முழுவதும் பம்ப் ஸ்டாப்பின் தலையில். தாழ்த்திய பல கார்களில் "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று சொல்வது உண்மையில் ஸ்பிரிங்கின் குற்றமே இல்லை. வண்டி பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே கணக்கை 20 மி.மீ.க்குப் போடுங்கள். மிச்சம் 60. ஸ்பிரிங் 25 சதவீதம் கடினம். பழைய திறனில் 70 சதவீதம் ஸ்பிரிங்கிடமே இருக்கும். மீதியை நல்ல ஃபோம் வகை பாலியூரித்தேன் பம்ப் ஸ்டாப் மெதுவாக வாங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்குத் தெரியும், பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. பம்ப் ஸ்டாப்பைச் சும்மா ஒரு ரப்பர் துண்டு என்று நினைக்காதீர்கள், தாழ்த்திய காரில் அது இரண்டாவது ஸ்பிரிங். பழையது நொறுங்கிப் பொடியாக விழுந்திருந்தால் புதிது போடாமல் வண்டியைத் திருப்பி எடுக்காதீர்கள். குட்டை ஸ்பிரிங்கோடு வேலை செய்வதற்காக பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்டலாம் என்று ஸ்பிரிங் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அந்த அளவு மட்டும்தான்.

இப்போது பின்பக்கம். உங்கள் மதுரைப் பயணம் வருவது இங்கேதான். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டி. பின் அச்சில் ஏறக்குறைய 200 கிலோ கூடுகிறது, சக்கரத்துக்கு 100. மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்றால் 50 மி.மீ. கீழே இறங்கும். ஒரிஜினல் ஸ்பிரிங்கிலேயே இந்தக் கதை. இதில் 40 மி.மீ. முன்கூட்டியே இறக்கி வைத்தால், ஆள் ஏறியதும் மிச்சம் இருப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் வீட்டில் எல்லோரும் இறங்கிவிடுகிறேன் என்பார்கள். அதனால் ஐகான் போன்ற செடானில் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் குறைவாகத் தாழ்த்துவதே சரி. முன் 20 என்றால் பின் 10 அல்லது 15. பின் வீல் ஆர்ச்சில் கொஞ்சம் இடைவெளி தெரியும், தெரியட்டும். ஆள் ஏறியதும் அது மட்டமாகிவிடும்.

வேகத்தடை விஷயத்தில் ஒரு கணக்கு உங்களுக்கு உதவும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிப்படி கட்டப்படும் வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். ஐகானின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் இரண்டரை மீட்டர். ஆகவே அப்படிப்பட்ட தடையில் நான்கு சக்கரமும் அதன் சரிவிலேயே நிற்கும். அந்த இடத்தில் தடையின் உயரம் ஐந்தரை செ.மீ. இருக்கும். வண்டியின் அடிவயிற்றுக்குள் உண்மையில் ஏறுவது நாலரை செ.மீ. மட்டும். விதிப்படி கட்டியதில் தாழ்த்திய காரும் மெதுவாகப் போனால் உரசாது. உரசுவது தெருவுக்குத் தெரு சிமெண்டைக் கொட்டி ஓர் அடி அகலத்தில் எழுப்பிய மேடுகளில். அதில் சக்கரம் தடையைத் தாண்டிவிடும், மேடு முழு உயரத்தோடு வயிற்றுக்கு அடியில் நிற்கும். உங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை அப்படி எத்தனை மேடு இருக்கிறது என்று ஒரு ஸ்கேலோடு இறங்கிப் பாருங்கள். அவற்றில் மிக உயரமானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரை ஏற்றி, டிக்கியில் எடை வைத்து, எக்ஸாஸ்ட் பைப்பின் தாழ்ந்த இடத்துக்கும் எஞ்சின் அடியில் உள்ள ஆயில் சம்புக்கும் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து பாருங்கள். இவற்றில் குறைந்ததற்கும் அந்த மேட்டின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் நீங்கள் விளையாட முடியும். பல வீடுகளில் இந்த அளவோடு முடிவு மாறிவிடுகிறது.

சரி, ஷாக் ஏன் முதலில்? ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது, அவ்வளவுதான். ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும்போது அதை அடக்குவது ஷாக்கின் வேலை. ஐகான் 1999 நவம்பரில் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்தபோது அந்த வண்டியைப் பற்றி எல்லோரும் பேசியது அதன் ஹேண்ட்லிங்கைத்தான். "ஜோஷ் மெஷின்" என்று விளம்பரம் செய்தார்கள், அதில் பொய்யில்லை. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருப்பது), பின்பக்கம் ட்விஸ்ட் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) என்ற எளிய அமைப்புதான். அதை அவ்வளவு நன்றாக ஓட வைத்தது ஷாக்கின் டியூனிங். இருபது வருடம் ஓடிய காரில் அந்தத் தன்மை போய்விட்டது. ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் "வண்டி தளர்ந்துவிட்டது, ஸ்பிரிங் ஹார்டாக்கினால் சரியாகும்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். தாழ்த்த வேண்டும் என்று வருகிற பழைய கார்களில் பாதிக்கு மேல் புது ஷாக்கோடு மனம் நிறைந்து திரும்பிப் போகின்றன என்பது என் அனுபவம்.

போனட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பது முற்றிலும் செத்த ஷாக்கை மட்டும்தான் காட்டும். பாதி உயிருள்ளது அதில் பாஸ் ஆகிவிடும். அதற்குப் பதில் டயரைப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் ஓரத்தில் வைத்து, குறுக்காகவும் சுற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். குறுக்கே ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவினால் ரம்பம்போலவும் இருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட். மேடு பள்ளம், மேடு பள்ளம் என்று அலையலையாக இருந்தால் சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது, அது ஷாக். அப்புறம் ஷாக்கின் தண்டில் உள்ள டஸ்ட் பூட்டை (தூசி புகாமல் காக்கும் உறை) தூக்கிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் சகஜம். உடம்பு முழுக்க ஈரமாக எண்ணெய் வழிந்திருந்தால் அது முடிந்துவிட்டது.

இப்படித் தளர்ந்த ஷாக்கின் மேல் கடினமான ஸ்பிரிங் வைத்தால் என்ன ஆகும்? ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால், பழைய அளவு அடக்கம் கிடைக்கவே ஷாக் 14 சதவீதம் கூடுதல் வலுவோடு இருக்க வேண்டும். புதிய ஒரிஜினல் ஷாக்குக்கே அது ஒரு சுமை, சமாளிக்கும். பாதி வலுவில் இருக்கும் பழையது சமாளிக்காது. ஈசிஆரில் 80 கி.மீ. வேகத்தில் ஒரு பாலத்து இணைப்பைத் தாண்டினால் மூக்கு ஒருமுறை எழுந்து உட்காருவதற்குப் பதில் இரண்டு மூன்று முறை ஆடும். தாழ்வாகத் தெரியும் கார், ஓட்டும்போது படகாக இருக்கும். இதில் பாதுகாப்பும் இருக்கிறது: ஆடுகிற நேரத்தில் டயர் தரையை அழுத்துவது கூடிக் குறைகிறது, பிரேக் தூரம் நீள்கிறது.

எந்த ஷாக் வாங்குவது? முதலில் வகையைப் புரிந்துகொள்ளுங்கள். பில்ஸ்டைன் நிறுவனத்தின் வரிசை இதற்கு வசதியான அளவுகோல். பி4 என்பது ஒரிஜினலுக்கு மாற்று. பி6 அதே நீளம், அடக்கும் வலு கூடுதல், ஒரிஜினல் உயரத்தில் உள்ள காருக்கு. பி8 உடம்பு குட்டை, தாழ்த்திய காருக்கென்றே செய்தது. இந்த மூன்றாவது வகை ஏன் இருக்கிறதென்றால், சாதாரண ஷாக்கை நிறையத் தாழ்த்திய காரில் போட்டால் உள்ளே பிஸ்டன் எப்போதும் அடிப்பக்கத்தில் ஓடும், பெரிய பள்ளத்தில் அடிமட்டத்தில் மோதி வால்வு உடையும். கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்போர்ட் ஷாக்கில் இன்னொரு வசதி, ஸ்பிரிங் விரியும்போது தரும் அடக்கத்தைத் திருகிக் கூட்டலாம். தாழ்த்திய காருக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த விரியும்போதைய அடக்கம்தான். அமுங்கும்போதைய அடக்கத்தை அதிகமாக்கினால் நம் சாலையில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்கு வரும்.

ஆனால் இவை உங்கள் காருக்குப் பொருந்துமா என்ற கேள்விதான் பெரியது. ஐகான் ஐரோப்பிய ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் வந்தது என்பதால் "ஃபியஸ்டா ஸ்பிரிங் அப்படியே உட்காரும்" என்று சொல்லி விற்பார்கள். ஃபியஸ்டா ஹேட்ச்பேக், ஐகான் டிக்கி வைத்த செடான். பின் எடை வேறு, நம் சாலைக்காக வைத்த உயரமும் வேறு. தட்டில் பொருந்தி உட்காரும் என்பதும் சரியான உயரத்தில் நிற்கும் என்பதும் ஒன்றல்ல. அதேபோல 1.8 டீசல் ஐகானின் ஸ்பிரிங்கும் வேண்டாம். அந்த எஞ்சின் கனமானது, அதற்கான முன் ஸ்பிரிங்கை பெட்ரோலில் போட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். தயாரிப்பாளரின் கேட்டலாகில் உங்கள் கார், உங்கள் எஞ்சின், உங்கள் வருடம் போட்டு எண் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

20 மி.மீ. மட்டும் என்றால் உங்களுக்குக் குட்டை ஷாக் தேவையே இல்லை. காப்ரியேல் போன்ற ஒரிஜினல் தரத்தில் உள்ள புது கேஸ் ஷாக் (வாயு நிரப்பியது) போதும். குறைவாகத் தாழ்த்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், பாதி செலவு மிச்சம். ஷாக் வாங்க சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகிறீர்கள் என்றால் பில்லோடு வாங்குங்கள், சீல் பிரியாத பெட்டியில். புதுப்பேட்டையில் கழற்றி வைத்த பழைய ஷாக்கைப் பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். கதவும் கண்ணாடியும் அங்கே வாங்கலாம், ஷாக் வேண்டாம்.

ஸ்பிரிங் வெட்டுவது பற்றி. வெட்டினால் வண்டி இறங்கும், சுற்று குறைவதால் ஸ்பிரிங் கொஞ்சம் கடினமும் ஆகும். அதனால்தான் "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றுகிறது. பிரச்சினை இரண்டு. ஸ்பிரிங்கின் முனை அது உட்காரும் தட்டின் வடிவத்துக்கேற்ப வளைத்துச் செய்யப்பட்டது. வெட்டிய முனை அதில் பதியாது, ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தும். இரண்டாவது, நீளம் குறைந்ததால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து அந்தத் தட்டிலிருந்து நகரலாம். ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கேஸ் வெல்டிங் தீயில் காட்டி இறக்குவது இதைவிட மோசம். அந்த எஃகுக்கு வலு வந்ததே வெப்பப் பதத்தால்தான், சூடு காட்டிய இடத்தில் அது போய்விடும். எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஒரு சோதனை: காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் அது அந்தக் காருக்கு ஆகாது.

உயரம் அளப்பதில் ஒரு நுணுக்கம். தரையிலிருந்து ஃபெண்டர் (டயருக்கு மேலே உள்ள தகடு) வரை அளக்காதீர்கள், டயர் காற்றும் தேய்மானமும் அதில் கலந்துவிடும். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டரின் உதடு வரை, நான்கு மூலையிலும், சமமான தரையில் அளந்து எழுதி வையுங்கள். இருபது வருட ஸ்பிரிங் ஏற்கனவே 10, 15 மி.மீ. தொய்ந்திருக்கக்கூடும். பெட்டியில் உள்ள எண் புதுக் காரின் உயரத்திலிருந்து கணக்கிட்டது. அதனால் 25 மி.மீ. ஸ்பிரிங் போட்டு, "பத்துதான் இறங்கியிருக்கு" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. இடது வலது பத்து மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், கடைசிச் சுற்றை டார்ச் அடித்துப் பாருங்கள்.

நிறையத் தாழ்த்தினால் கார் இன்னும் நன்றாகத் திரும்பும் என்பதும் முழு உண்மை இல்லை. மெக்பெர்சன் அமைப்பில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் கை) சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயத் தொடங்கினால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது, வளைவில் சாய்வதற்கு அதிக நெம்பு கிடைக்கிறது. தாழ்த்தியதால் கிடைத்த லாபத்தை ஜியாமெட்ரி தின்றுவிடும். ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் அதேபோல் சாய்வதால் பள்ளத்தில் ஸ்டீரிங் தானாக இழுக்கும். 20 மி.மீ.க்குள் இதெல்லாம் தலைகாட்டாது.

மாட்டும் வேலைக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஷாக் தண்டு சுற்றாமல் பிடிக்க பிளையர் போடக்கூடாது. அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால், ஒவ்வொரு முறை தண்டு ஏறி இறங்கும்போதும் சீலைக் கிழிக்கும், புது ஷாக் சில மாதத்தில் ஒழுகும். அடுத்தது, லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக்கூடாது. கையால் திருகி விட்டு, காரைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும், வண்டியும் சில மி.மீ. உயரமாக நிற்கும். ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் கயிறு கட்டி ஸ்ட்ரட்டைப் பிரிக்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும்.

டாப் மவுண்டையும் பேரிங்கையும் இதோடு மாற்றிவிடுங்கள். தனியாக மாற்றினால் அதே கூலி மறுபடி. வேலை முடிந்ததும் ஒரு டோ அலைன்மென்ட் (சக்கரங்கள் நேரே பார்க்கின்றனவா என்று சரிசெய்வது), ஸ்பிரிங் ஓரிரு வாரத்தில் உட்கார்ந்த பிறகு இன்னொன்று. ஹெட்லைட் உயரத்தையும் சரிபாருங்கள், முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் இறங்கினால் வெளிச்சம் காலடியில் விழும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உங்கள் கார் 15 வருடம் தாண்டியது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஒரிஜினல் ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இப்போதைக்கு நான்கு மூலை உயரத்தையும், தெரு மேடுகளில் உயரமானதன் அளவையும், முன் டயர் இரண்டும் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். கைக்கு வந்த அந்த ஸ்பிரிங் செட்டில் பெயின்டால் எழுதிய அல்லது பொறித்த எண் இருந்தால் அதுவும் வேண்டும். கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், எத்தனை சுற்று என்று அளந்து சொன்னால் அது எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.